இங்கு நீலம், அங்கு நலமா?

நிலக்கோட்டை
12-2-1961

அன்பு மகள் அய்யம்மாளுக்கு,

அய்யா எழுதுவது. நானும் உன் ஆத்தாளும் நலம் என்று முதலில் எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு. விடுதியில் வெஞ்சனத்துக்கு உப்புப் போடுகிறார்களா? நர்ஸ் படிப்பு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஒரு மானங்கெட்ட விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று தபாலாபீஸ் வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். நம் கொல்லைச் சுவரோரம் பத்து நாளாகச் சிற்றெறும்பு சாரைசாரையாக வந்துகொண்டிருந்தது. உன் ஆத்தாள்தான் கருப்பட்டித் தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றுகிறாள் என்று சண்டை பிடித்தேன். "நான் எதுக்கு அங்க ஊத்தப் போறேன்? எனக்கென்ன கிறுக்கா?" என்றாள். நான் நம்பவில்லை. கருப்பட்டிப் பானையை எடுத்து அவளுக்கு எட்டாமல் உறியில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் எறும்புப் பொடியைத் தூவினேன். தூவின கையோடு அங்கேயே ஒதுங்கினேன். குனிந்து பார்த்தால் பொடிக்குத் தப்பித்த எறும்பெல்லாம் எனக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சத்தை நீ புரிந்துகொள். எட்டாவது வரை படித்த எனக்கே புரிந்துவிட்டது.

பூச்சந்தையில் தராசைப் பிடித்தால் அரைமணிக்கு ஒருதரம் கீழே வைத்துவிட்டு ஓடுகிறேன். பக்கத்துக் கடைச் சங்கிலி, "நல்லுச்சாமிக்கு வெளிய இன்னொரு கடை இருக்கு போலப்பா" என்று எல்லோரும் கேட்கச் சொல்கிறான். ஒரு குடம் தண்ணீர் குடித்தாலும் தாகம் போவதில்லை. வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. இங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்கிறார். கசப்பாகப் பேசுகிறவன் என்று பேர் வாங்கிய எனக்குச் சர்க்கரையாம்.

நீ இந்தப் படிப்புக்குப் போன முதல் வருஷம் உனக்கு ஒரு வரி எழுதாதவன் நான். இப்போது எழுதுகிற விஷயத்தைப் பார்.

உன் ஆத்தாள் உன்னைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள்.

இப்படிக்கு உன் அய்யா,
நல்லுச்சாமி

*

மதுரை
15-2-1961

அன்புள்ள அய்யாவுக்கு,

இங்கே சுகம். வெஞ்சனத்தில் உப்பு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆத்தாளிடம் முதலில் பேசுங்கள். பானையை இறக்கிக் கொடுங்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் இன்சுலின் என்கிற நீர்தான், சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் போகவிடுகிறது. உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சந்தைக்குப் பூ வந்து இறங்குகிறது, தராசு பிடிக்க ஆள் இல்லை. கடைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பூவெல்லாம் தெருவில் கொட்டுகிறது. அதைத்தான் எறும்பு வந்து பார்த்திருக்கிறது. வயதாக ஆகச் சிலருக்கு அந்தத் தராசுக்காரர் ஓய்ந்துபோகிறார். நாம் வெளியிலிருந்து ஊசி வழியாக ஓர் ஆளை அனுப்ப வேண்டும்.

வருகிற புதன்கிழமை பூக்கூடை ஏறுகிற முதல் பஸ்ஸிலேயே ஏறி வாருங்கள். எங்கள் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வெறும் வயிற்றோடு வர வேண்டும். வழியில் வத்தலக்குண்டுக்காரர் யாராவது காப்பி வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கக் கூடாது.

அன்புடன்,
அய்யம்மாள்

*

நிலக்கோட்டை
10-3-1961

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே உன்னை வெள்ளை உடுப்பில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உன் ஆத்தாள் தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லி முடித்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன இருபது யூனிட் ஊசியை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். இதைச் சங்கிலியிடம் சொன்னால் நம்பவில்லை. முதலில் நீ சொல்லிக் கொடுத்தபடி கத்தரிக்காயில் போட்டுப் பழகினேன். ஒரே நாளில் ஏழு கத்தரிக்காய். உன் ஆத்தாள் அதைக் குழம்பு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். "சீக்காளிக் கத்தரிக்காயை நான் தொடமாட்டேன்" என்கிறாள். கண்ணாடிக் குழாயையும் ஊசியையும் தினம் கொதிக்க வைக்கிறேன். முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்ளச் சொன்னாயே, நம் வீட்டு அரிவாள்மணை தீட்டுகிற கல்லில் தீட்டினேன். தொடையில் போட்டபோது தாத்தன் பூட்டன் எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். வேறு சின்னக் கல் வாங்கிவிட்டேன்.

வலி ஒன்றும் பெரிதில்லை. இது மெய்.

இப்படிக்கு,
அய்யா

*

மதுரை
14-3-1961

அன்புள்ள அய்யாவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். உங்கள் சுகத்தை இனிமேல் நான் வேறு விதமாகக் கேட்கப் போகிறேன்.

கண்டக்டர் தங்கமுத்து அண்ணனிடம், திரும்பி வருகிற வெறும் பூக்கூடையில் ஈரச்சாக்குச் சுற்றி மூன்று சாமான் கொடுத்தனுப்புகிறேன். மருந்துக் குப்பி இருபது நாளுக்கு வரும். வீட்டில் ஐஸ் அலமாரி இல்லையே என்று கவலை வேண்டாம், அகலப் பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் குப்பியை நிழலில் வைத்தால் போதும். இரண்டாவது ஒரு சோதனைக் குழாய். மூன்றாவது பெரிய பாட்டிலில் நீலத் தண்ணீர். குழாயில் கோடு போட்டிருக்கும் வரை நீலத் தண்ணீர், அதில் எட்டே சொட்டுச் சிறுநீர், பிறகு அடுப்பில் காட்டிக் கொதிக்க வையுங்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் வந்தால் உடனே எனக்குத் தெரிய வேண்டும். காலையில் ஒருதரம், பொழுது சாய ஒருதரம். ஒரு பாட்டில் முப்பது தடவைக்கு வரும்.

சந்தைக்கு வெறுங்காலோடு போகாதீர்கள். எங்கள் வார்டில் ஒரு முள்ளில் ஆரம்பித்துக் காலையே எடுக்க வேண்டிவந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அய்யம்மாள்

*

நிலக்கோட்டை
9-4-1961

அன்பு மகளுக்கு,

இங்கு நீலம். அங்கு நலமா? நீ கேட்டபடியே சுகம் எழுதியிருக்கிறேன் பார்.

காலையும் நீலம், மாலையும் நீலம். வானத்தை எடுத்துக் குழாயில் ஊற்றின மாதிரி. மருந்தும் நல்ல குளிர்ச்சியான இடத்தில் இருக்கிறது. எந்த இடம் என்று கேட்காதே, கொடைக்கானல் என்று வைத்துக்கொள். கோடையில் ஈரமணலை யார் நனைத்துக்கொண்டே இருப்பது? அய்யா அதற்கெல்லாம் மேலே யோசித்துவிட்டேன்.

மல்லிகை குவிகிறது. விடியுமுன் சந்தைக்குப் போனால் மத்தியானம்தான் உட்கார முடிகிறது. கூடையில் ஒரு முழம் அனுப்பியிருக்கிறேன். அங்கே நோயாளிகள் முன்னால் தலையில் வைத்துக்கொள்ள விடுவார்களோ என்னவோ. உன் கட்டிலருகே வை, வாசம் வரட்டும்.

இப்படிக்கு,
அய்யா

*

நிலக்கோட்டை
8-5-1961

அன்பு மகளுக்கு,

இங்கு நீலம்தான். அங்கு நலமா? உன் கடிதம் வந்து நாளாயிற்று, பரீட்சைக்குப் படிப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மருந்துக் குப்பி தீரப் போகிறது, தங்கமுத்துவிடம் அடுத்ததைக் கொடுத்துவிடு. எழுத்துக் கோணலாக இருந்தால் கண்ணைக் குறை சொல்லாதே, பேனா சரியில்லை. தாகம் எடுக்கிறது. கத்தரி வெயிலில் யாருக்குத்தான் எடுக்காது? கால் கட்டைவிரலில் ஒரு சின்ன முள். அதை எழுதவே வேண்டியதில்லை, பேச்சுக்கு எழுதுகிறேன். மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறது.

உன் பரீட்சை செப்டம்பரில்தானே? அதற்கு நடுவில் லீவு போடுகிற யோசனை ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
அய்யா

*

மதுரை
15-5-1961

அய்யாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமில்லை.

மார்ச் பதினாலாம் தேதி ஒரு பாட்டில் நீலத் தண்ணீர் அனுப்பினேன். நாளைக்கு இரண்டு தடவை என்றால் அது பதினைந்தே நாளில் தீர வேண்டும். இன்றோடு இரண்டு மாதம். மருந்துக் குப்பியை ஒவ்வொரு தடவையும் மறக்காமல் கேட்டு வாங்கினீர்கள். நீலத் தண்ணீரை ஒருதரம்கூடக் கேட்கவில்லை. பானையில் ஊறுகிறதா அது?

தராசு பிடிக்கிறவர் மகளிடம் நிறுக்காமல் எடை சொல்லலாமா அய்யா?

தாகம், கண், ஆறாத முள். இந்த மூன்றும் நீலத்தில் வராது. முள் குத்தி எத்தனை நாள்? விரல் கறுத்திருக்கிறதா? காலைத் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் வராவிட்டால், படிப்பு போனால் போகிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இது மிரட்டல் இல்லை.

நலம் என்று எழுத வேண்டாம். நீலம் என்றும் எழுத வேண்டாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அய்யம்மாள்

*

நிலக்கோட்டை
5-6-1961

அன்பு மகள் அய்யம்மாளுக்கு, ஆத்தாள் மாயக்காள் சொல்லச் சொல்ல, சோடாக்கடை முகமது பாரூக் எழுதுவது. அக்கா சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், ஒன்றும் திருத்தவில்லை.

நல்லா இருக்கியா தாயி? இங்க நல்லா இல்ல. ஒன் காகிதம் வந்து மூணு வாரமாச்சு. அய்யா அத மடிச்சு மடியில வச்சுக்கிட்டே திரியிறாரு, பதில் எழுத மாட்டேங்கிறாரு. கேட்டா, "எழுதுறேன், எழுதுறேன், இம்புட்டு அவசரம் என்ன"ங்கிறாரு.

நீ கொடுத்த நீலத் தண்ணிய ஒரே ஒரு நாளுதான் பாத்தாரு. வந்த அன்னைக்கிப் பொழுது சாய. அடுப்புல காட்டுனதும் அது செங்கக் கலர்ல திரண்டுருச்சு. மனுசன் குழாயக் கீழ போடாம வச்சதே பெரிசு. அதக் கழுவி, பாட்டிலோட துணியில சுத்தி, பரண்ல வச்சுட்டு வந்து, "மாயக்கா, இது யாருக்கும் தெரிய வேணாம், புள்ள படிப்ப விட்டுட்டு ஓடியாந்துரும்"னாரு. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. ஒனக்கு எழுதுன நீலமெல்லாம் அவரு வாயில வந்ததுதான்.

ஊசி மட்டும் தவறாமப் போட்டுக்கிட்டாரு. ஆனா ஒடம்பு தேறவே இல்ல. கட்டைவெரலு கறுக்கல, ஆனா வீங்கியிருக்கு. செத்த நேரம் நின்னா ஒக்காந்துர்றாரு.

இன்னொன்னும் சொல்றேன், ஒனக்குத் தெரிஞ்சதுதான். நீ மதுரைக்குப் போன அன்னைக்கி மார்க்கெட்டுல நாப்பது பேரு முன்னால, "கண்டவன் மூத்திரத்தப் புடிக்கப் போற மக எனக்கு வேணாம்"னு சொன்னாருல்ல? அது ஒன் காதுக்கு வந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். அந்த மனுசன் இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்கிட்ட அதையே காட்டுவாரு? நீயே சொல்லு.

ஆத்தாள் சொன்னது முடிந்தது. இனி பாரூக் சொந்தமாக எழுதுவது. தங்கச்சி, மருந்துக் குப்பியை அண்ணன் என் கடை ஐஸ் பெட்டியில்தான் வைத்திருக்கிறார். ஈரமணலைவிட ஐஸ் நல்லது என்று நானும் நினைத்துவிட்டேன். ஆரஞ்சுக் குச்சி ஐஸ் வரிசைக்கு நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். குச்சி ஐஸ் கெட்டியாக நிற்க ஐஸோடு உப்புப் போடுவோம். அதில் மருந்தும் கல்லாக உறைந்துவிடும். அண்ணன் காலையில் வந்து வெயிலில் காட்டி உருக்கிப் போட்டுக்கொள்வார். மருந்துக்கு நான் வாடகைகூட வாங்கவில்லை. இதில் தப்பு இருந்தால் உடனே எழுதவும், பயமாக இருக்கிறது.

ஆத்தாள் கைநாட்டு
எழுதியது முகமது பாரூக்

*

தந்தி
மதுரை, 7-6-1961

சனிக்கிழமை வருகிறேன். உறைந்த மருந்து செத்த மருந்து. பெட்டியிலிருந்து எடுத்து எறியவும். பாரூக் அண்ணன் பயப்பட வேண்டாம். அய்யா நடக்க வேண்டாம். அய்யம்மாள்

*

மதுரை
20-6-1961

அன்புள்ள அய்யாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். எட்டு நாள் லீவுக்கு மேட்ரன் அம்மாள் ஒரு பார்வை பார்த்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் எழுதுவேன், தேறுவேன். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

விரல் எப்படி? கட்டுத் துணியைக் கொதிக்க வைத்து நிழலில் காயவிடச் சொன்னேன், ஆத்தாள் வேலியில் போட்டுவிடப் போகிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உயிருள்ள மருந்து உள்ளே போகிறது. அதனால் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சர்க்கரை ரொம்பக் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே ஒரு துண்டு கருப்பட்டி வாயில் போட வேண்டும். சந்தைக்குப் போகும்போது மடியில் இருக்கட்டும்.

கூடையில் நாலு பாட்டில் நீலத் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். பரண் இருக்கிற வீட்டுக்கு ஒரு பாட்டில் போதாது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தீர்கள். அதற்குள் தங்கமுத்து அண்ணன் விசில் அடித்துவிட்டார். என்ன அய்யா அது?

அன்புடன்,
அய்யம்மாள்

*

நிலக்கோட்டை
9-7-1961

அன்பு மகள் அய்யம்மாளுக்கு,

இங்கு பச்சை. அங்கு நலமா?

காலையில் மஞ்சள் கலந்த பச்சை, மாலையில் நல்ல பச்சை. வியாழக்கிழமை ஒருதரம் நீலம் வந்தது. நம்ப முடியாமல் உன் ஆத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் நம்பாமல், "தண்ணிய மட்டும் காச்சிட்டு ஏமாத்துறீரா?" என்றாள். பக்கத்தில் நின்று மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் நீலம். இந்த வீட்டில் என் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு அம்புட்டுத்தான்.

மருந்து ஈரமணலில் இருக்கிறது. பாரூக் தினம் ஒருதரம் வந்து மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான், சொந்தக் கடையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. விரலில் வீக்கம் வடிந்து புதுத் தோல் ஓரத்திலிருந்து கூடிக்கொண்டு வருகிறது. செருப்புப் போட்டுத்தான் தராசு பிடிக்கிறேன். கட்டுத் துணி வேலிக்குப் போகவில்லை. கருப்பட்டிப் பானையையும் உறியிலிருந்து இறக்கியாகிவிட்டது. சும்மா இறக்கவில்லை. "மூணு நாளு எம்மேல பழி போட்டீரே, அதுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு எறக்கும்" என்று உன் ஆத்தாள் கையைக் குறுக்கே வைத்துவிட்டாள். சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை, வாயைத் திறந்தால் வந்துவிட்டது.

போன வாரம் சந்தையில் சங்கிலி கேட்டான், "ஏம்ப்பா நல்லுச்சாமி, ஒன் மக வந்திருந்துச்சாமே, அங்க என்ன வேலைதான் பாக்குது?" சுற்றி அதே ஆட்கள்தான் நின்றார்கள். ஒன்றிரண்டு பேர் குறைவு, காலமாகிவிட்டார்கள். நான் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், "கண்டவன் மூத்திரத்தப் புடிக்கிற வேலைதான்டா பாக்குது. மொதல்ல எம் மூத்திரத்தத்தான் புடிச்சுச்சு. அதுனாலதான் இந்தக் காலோட ஒம் முன்னால நிக்கிறேன்." சங்கிலி தன் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டான். செத்த நேரம் கழித்து, தனக்கும் கொஞ்ச நாளாக எறும்பு வருகிறது என்று காதோடு சொன்னான். அவனை உன்னிடம் அனுப்புகிறேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். உனக்குத்தான் சொல்லவில்லை.

நீ வந்த சனிக்கிழமை, பெட்டியை இறக்கினதும் கையைக் கழுவிக்கொண்டு, "எங்க அய்யா அந்தக் குழாய்?" என்று கேட்டாய். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மற்றதையும் ஒரு லோட்டாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ எட்டுச் சொட்டு எண்ணுகிறது எனக்குக் கேட்டது. சாமிக்கு எண்ணெய் விடுகிற மாதிரி நிதானமாக எண்ணினாய். மூக்கைச் சுளிக்கவில்லை, முந்தானையால் பொத்தவில்லை. இதெல்லாம் திரும்பிப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். அடுப்பு வெளிச்சத்தில் குழாய் செங்கலாகிவிட்டது. நீ ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்குச் சுளுவாக இருந்திருக்கும். "இங்க வாங்க அய்யா, பயப்படாமப் பாருங்க, வெறும் கலருதான்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னைக்கி மல்லிக நல்ல வெல போச்சு தாயி" என்றேன்.

எட்டு நாளும் சொல்ல வந்து சொல்ல வந்து வேறு எதையாவது சொன்னேன். குழம்பில் புளி ஜாஸ்தி என்றேன். மேட்ரன் அம்மாளுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபோதும் தங்கமுத்து விசில் அடித்தது ஒரு சாக்குத்தான், அவன் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் அடித்தான். அந்த இரண்டு நிமிஷமும், பூவை மடியில் வை, வாடிவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ என்ன அது என்று கேட்டிருக்கிறாய். இதுதான் அது.

நான் அன்னைக்கி தப்பாப் பேசிட்டேன் தாயி.